சிவக்காத புண்

ஸ்லைடுக்குள் ஆளே இல்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் மைதிலிக்கு அப்படித்தான் தோன்றியது.

புண் இருந்தது. மேல்தோல் கருகி உரிந்து, அடியில் இருந்த நார்கள் பிய்ந்து தொங்கின. இப்படி ஒரு புண் வந்த இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். ரத்தக் குழாய்கள் விரியும், நீர் கசிந்து திசு ஊறும், வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும், தீப்பிடித்த வீட்டை நோக்கி ஊரே குடத்தோடு ஓடிவருகிற மாதிரி. வந்தவர்கள் யார், குழாயைச் சுற்றி நிற்கிறார்களா, மயிர்க்காலைச் சுற்றி நிற்கிறார்களா, அடிக்கொழுப்பு வரைக்கும் இறங்கிவிட்டார்களா என்று பார்த்தே அவள் நோயின் பெயரைச் சொல்லிவிடுவாள். மாடு வளர்ப்பவர்கள் வீக்கத்தைக் கண்டால் பயப்படுவார்கள். அவள் பயந்ததில்லை. வீங்குவதும் சிவப்பதும் சுடுவதும் வலிப்பதும் உடம்புக்குள் இன்னும் ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்தத் தோலில் யாருமே வரவில்லை. குழாய்கள் காலியாகத் திறந்து கிடந்தன. உயிரணுக்களின் உட்கருக்கள் வெயிலில் கிடந்த சாயத் துணி போல வெளுத்துப் போயிருந்தன. ஓரத்தில் குச்சி குச்சியாக அழுகல் கிருமிகள். தடுக்க ஒருவரும் இல்லாததால் அவை அவசரமே இல்லாமல் பரவியிருந்தன.

செத்த மாட்டின் தோலில் இது அதிசயம் இல்லை. ஆனால் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் குன்னத்தூர்ப் பக்கத்து மாட்டு டாக்டர் டேனியல் எழுதி அனுப்பியிருந்தார்: காங்கேயம் பசு, முதுகில் ஆறாத புண், தோலில் என்ன நோய் என்று பார்த்துச் சொல்லவும்.

அவருக்குப் போன் போட்டாள்.

“டேனியல், செத்த மாட்டுல இருந்து எடுத்து அனுப்பிட்டீங்க.”

“இல்லீங்க மேடம். மாடு நிக்குதுங்க. அசை போட்டுட்டே நிக்குது.”

“அப்ப ஃபார்மலின்ல போட லேட் ஆயிருச்சா?”

“வெட்டுனதும் போட்டுட்டனுங்க.” டேனியலின் குரல் கொஞ்சம் இறங்கியது. “மரத்துப்போற ஊசிகூடப் போடலீங்க மேடம். போடறதுக்கு முன்னாடி கத்தி பட்டுருச்சு. மாடு திரும்பிக்கூடப் பாக்கல.”

“ரத்தம்?”

அந்தப் பக்கம் மழைக்கு நடுவில் கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“வரலீங்க,” என்றார் டேனியல்.

இன்னொரு சாம்பிள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவளுடைய லேப் நல்லூரில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே பனியன் தைக்கிற யூனிட். பகல் முழுக்கத் தையல் மெஷின்களின் இரைச்சல் தரை வழியாக ஏறி, மேசையின் காலைப் பிடித்து, மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி வரை வரும். பழகிப்போன இரைச்சல்தான். அன்றைக்கு அது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல் அவளுக்கு இருந்தது.

இரண்டாவது பாட்டில் வந்தது. துண்டைப் பதப்படுத்தி, சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடாக்கிக் கொடுத்த டெக்னீசியன் வேல்விழி, “மேடம், இது ரொம்ப மெல்லிசா இருக்குதுங்க. கன்னுக்குட்டியோடதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மைதிலி விளக்கைப் போட்டாள். அதே வெறுமை. அதே வெளுத்த உட்கருக்கள். அதே காலிக் குழாய்கள். அதைப் பார்த்து அவள் பயப்படவில்லை. பெரிய லென்சுக்கு மாற்றி, தோலின் அடுக்குகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தபோதுதான் கை நின்றது.

மாட்டுத் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கமாக, நட்டு வைத்த நாற்று மாதிரி வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பை போல ஒரு வியர்வைச் சுரப்பி. இதில் மயிர்க்கால் எங்கோ ஒன்று, இன்னும் தள்ளி இன்னொன்று. அடியில், கொழுப்பை ஒட்டி, சின்னச் சின்ன நூல்கண்டுகள் போலச் சுருண்டு சுருண்டு வேறு மாதிரிச் சுரப்பிகள். படிக்கிற காலத்தில் மனிதத் தோலையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டியிருந்தார்கள்.

அவள் கண்ணை எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். நூல்கண்டுகள் அப்படியே இருந்தன.

“அந்த ரெண்டாவது பாட்டில் நான் எடுத்தது இல்லீங்க மேடம்,” என்றார் டேனியல், அவள் போனில் கேட்டதும். “மாட்டுக்காரர் ஆத்தப்பன் அவரே வெட்டிக் கொண்டாந்து குடுத்தாருங்க. மாட்டுத் தோலுதான்னாரு. ஏனுங்க?”

அவள் காரணத்தைச் சொல்லவில்லை. போலீசுக்குச் சொல்வதா, யாரிடம் சொல்வது, என்ன என்று சொல்வது என்றெல்லாம் மனம் ஓடியது. எங்கோ ஏதோ மாறிப்போயிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் ஆறுதலும் சொல்லிக்கொண்டது. முதலில் அந்த மாட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மத்தியானமே டேனியலின் காரில் கிளம்பினாள்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. குன்னத்தூர் தாண்டி மண் சாலையில் இறங்கி, கிளுவை வேலி ஓரமாகவே வெகுதூரம் போனார்கள். கம்பெனி பஸ்கள், பைக்குகள் எல்லாம் பின்னால் நின்றுபோய், ஈர மண்ணின் வாசமும் சோளத்தட்டு நனைந்த வாசமும் மட்டும் காருக்குள் வந்தன. தோட்டத்து நடுவில் ஓட்டு வீடு ஒன்று, அதை ஒட்டிப் புதிதாகக் கட்டிய இரண்டு அறைகள், எதிரே மாட்டுக்கொட்டாய். கட்டுத்தறியில் ஒரே ஒரு மாடு. மற்ற மாடுகளை எல்லாம் தோட்டத்தின் அந்தக் கோடியில், மழையிலேயே கட்டியிருந்தார்கள். அவை எல்லாமே கொட்டாய்க்கு முதுகைக் காட்டி நின்றன.

நல்ல இனம். வெள்ளை உடம்பு, கழுத்தில் கருமை, பிறை மாதிரி வளைந்த கொம்பு. தாடை பக்கவாட்டில் அசைந்துகொண்டிருந்தது. ஒரே சீராக. முன்னால் போட்டிருந்த சோளத்தட்டுத் தீவனம் தொடப்படாமல் பூஞ்சை பிடித்திருந்தது. மைதிலி குனிந்து வாயைப் பார்த்தாள். வாயில் ஒன்றுமில்லை. எச்சில்கூட இல்லை. காய்ந்த நாக்கின் மேல் காய்ந்த பற்கள் அரைத்துக்கொண்டிருந்தன. அம்மிக்கல்லைச் சும்மா இழுப்பது போன்ற ஒரு சத்தம்.

டேனியலின் ஸ்டெதஸ்கோப்பை வாங்கி விலாவில் வைத்தாள். மாட்டின் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு கடல் இருக்கும். அலை வந்து வந்து போகும். இங்கே எதுவும் வரவில்லை. நெஞ்சுக்கு நகர்த்தினாள். அங்கேயும் இல்லை. வெளியே ஓட்டில் மழை விழும் சத்தம்தான், குழாய் வழியாகப் பெரிதாகக் கேட்டது.

முதுகுப் புண்ணை ஒரு விரலால் தொட்டாள். சிவப்பு இல்லை. வீக்கம் இல்லை. மாட்டின் உடம்பும் பக்கத்துக் கல்தொட்டியும் ஒரே குளிர்ச்சி. புண்ணின் மேல் ஓர் ஈகூட உட்காரவில்லை.

“டேனியல்,” என்று திரும்பினாள்.

அவர் ஏற்கெனவே கொட்டாயை விட்டு வெளியே போய், மழையில் நின்றார். “நான் கார்ல இருக்கேனுங்க மேடம்,” என்றார். வலது கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே போனார்.

மோட்டார் ரூமிலிருந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். உயரமான ஆள். மழையில் நனைந்தாலும் வீட்டுப் பக்கம் ஒதுங்காமல் சுற்றிக்கொண்டு வந்தார்.

“டாக்டரம்மாங்களா? நானுங்க ஆத்தப்பன்.”

“ரெண்டாவது பாட்டில் நீங்க குடுத்ததுங்களா ஐயா?”

“ஆமாங்க.”

“அது மாட்டுத் தோல் இல்லீங்க.”

“தெரியுமுங்க.”

அவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சன்னலில் யாரும் இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“மனுசருக்குப் பாக்கற எடத்துல குடுத்தா, யாரு எவருன்னு ஆயிரம் கேப்பாங்க. மாட்டோட சேத்துக் குடுத்தா உள்ளதை உள்ளபடி சொல்லிருவீங்கன்னு நெனச்சனுங்க. மழைல கரண்ட் ஒயர் அறுந்து மாட்டு மேல உழுந்துருச்சுங்க. மருமக மோனிஷா, வளைகாப்பு முடிஞ்ச புள்ளைங்க, மாடு துடிக்கறதைப் பாத்துட்டு ஓடிப்போய்ப் புடிச்சிருக்கறா. நான் மெயினை அமத்தறதுக்குள்ள ரெண்டும் கெடக்குதுங்க. தொட்டுப் பாத்தனுங்க. எத்தனை சாவு பாத்திருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? என்ற ஊட்டுக்காரி சாரதாமணிதான் நம்பல. மடியில போட்டுட்டு, அந்தப் புள்ளையோட வயித்தைத் தடவித் தடவி, எந்திரி கண்ணு, எந்திரி கண்ணுன்னு சொல்லிட்டே இருந்தா. பொழுது எறங்கறப்ப எந்திரிச்சு உக்காந்துருச்சுங்க.”

கொட்டாய்க்குள் தாடை அரைத்துக்கொண்டிருந்தது.

“மாடும் எந்திரிச்சுருச்சுங்க,” என்றார்.

மைதிலி வீட்டைப் பார்த்தாள். “உங்க பையன்?”

“நித்தீஷ் கம்பெனியிலயே படுத்துக்கறானுங்க. ஷிப்மெண்ட் இருக்குதுங்கறான். மொத நாள் அவ பக்கத்துல படுத்துட்டு, விடியறதுக்கு முன்னாடி பைக்கை எடுத்தவன்தான்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். மழையா கண்ணீரா என்று தெரியவில்லை. “புள்ளைக்குக் கால்லயும் தீஞ்ச புண்ணு. கட்டுப் போடறேன்னு சொல்லித்தான் வெட்டி எடுத்தனுங்க. அது சிரிச்சுட்டே உக்காந்திருந்துச்சு. சொல்லுங்க. உசுரு இருக்குதுங்களா, இல்லீங்களா?”

“மாடு செத்துப்போச்சுங்க ஐயா.”

“நான் மாட்டைக் கேக்கலீங்க.”

மைதிலி தரையைப் பார்த்தாள். “அந்தத் தோல்லயும் ஒண்ணும் இல்லீங்க.”

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். ரொம்ப நாளாக எதிர்பார்த்த செய்திதான் போல. கல்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

“அப்ப வயித்துல இருக்கறதுங்க?”

அவள் பார்த்தது கால் புண்ணின் ஓரத்திலிருந்து வெட்டிய ஒரு துண்டுத் தோல். அதை வைத்து வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? போய்விடலாம். கார் பத்தடி தூரத்தில் நிற்கிறது. ஆனால் அந்த வயிற்றில் ஒரு குழந்தை உயிரோடு இருந்தால், அதைத் தெரிந்துகொண்ட ஒரே டாக்டர் இப்போது அவள்தான். மாட்டு டாக்டராகவே இருந்தாலும்.

“டாக்டரம்மா, ஏனுங்க மழையில நிக்கறீங்க? உள்ள வாங்க.”

வாசலில் ஒரு பெண் நின்றாள். சாரதாமணி. நெற்றி நிறையத் திருநீறு, வேலை செய்து சிவந்த கைகள், வாய் நிறையச் சிரிப்பு. மைதிலி ஆத்தப்பனைப் பார்த்தாள்.

“நான் உள்ள போறதில்லீங்க,” என்றார் அவர்.

செருப்பைக் கழற்றிவிட்டு மைதிலி உள்ளே போனாள். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. கூடம் முழுக்க மல்லிகைப்பூ, உரசிய மஞ்சள், தரையில் தெளித்த வாசனைத் தண்ணீர். இத்தனைக்கும் அடியில், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, இன்னொரு வாசம். லேபில் ஃபிரிட்ஜ் நின்றுபோன திங்கட்கிழமைக் காலைகளில் கதவைத் திறந்ததும் வரும் வாசம்.

“மருமகளுக்குக் கொஞ்சம் சோர்வுங்க. கரண்ட் அடிச்சதுல பயந்துக்கிச்சு. மத்தபடி ஒண்ணுமில்லீங்க,” என்று சாரதாமணி பேசிக்கொண்டே முன்னால் நடந்தாள். “ஆஸ்பத்திரிக்குன்னு போனா, ஒண்ணு கெடக்க ஒண்ணைச் சொல்லி வயித்தைக் கிழிச்சுப்போடுவாங்க. அதான் நானே பாத்துக்கறேன். மோனிஷா, கண்ணு, டாக்டரம்மா வந்திருக்காங்க பாரு.”

அந்த நேரம் கரண்ட் போனது.

உள்ளறையில் சன்னல் சாத்தியிருந்தது. இருட்டில் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. நிறைய வளையல்கள். மைதிலி போனின் விளக்கைப் போட்டாள்.

கட்டிலில் சுவரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு. தலை கொள்ளாத பூ. முகத்தில் மஞ்சள் தடித்துப் பூசியிருந்தது, காதோரம் அது வெடித்துச் செதிலாகக் கிளம்பியிருந்தது. காலில் கட்டு. கட்டுத்துணியில் கறை இல்லை. வெளிச்சம் பட்டும் அவள் கண்ணைச் சுருக்கவில்லை.

நெஞ்சைப் பார்த்தாள் மைதிலி. பழக்கம். எந்த உயிரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் அங்கேதான் போகும். சேலை மடிப்பு அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை. பிறகு திடீரென்று நெஞ்சு மேலே எழும்பியது. பம்பு காற்றை இழுப்பது போல.

“வாங்க,” என்றாள் மோனிஷா.

சொல்லி முடித்ததும் நெஞ்சு இறங்கியது. மறுபடி எழவில்லை.

பேசுவதற்கு மட்டும் மூச்சு.

மைதிலியின் கால்கள் பின்னால் போகப் பார்த்தன. பின்னால் சாரதாமணி நின்றாள், கதவை அடைத்துக்கொண்டு.

“உக்காருங்க டாக்டரம்மா. நாடி பாருங்க.”

உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கிணற்றுக் கல் மாதிரிக் குளிர். விரலை மாற்றி மாற்றி வைத்தாள். ஒன்றும் இல்லை. அவளுடைய விரல்கள் அழுத்திய இடத்தில் தோல் வெளுக்கக்கூட இல்லை.

மணிக்கட்டை விட்டுவிட்டுத் திரும்பினாள். “அம்மா, இவங்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்.”

“எதுக்குங்க?” சாரதாமணியின் சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் மாறியது. “கொழந்தை நல்லா இருக்குது. ராத்திரி பகலா உதைக்குது. செத்தவ வயித்துல கொழந்தை உதைக்குமுங்களா? நீங்களே பாருங்க. பாத்துட்டு, வெளியில உக்காந்திருக்காரே அந்த மனுசன், அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

நெஞ்சு எழும்பியது.

“பாருங்க,” என்றாள் மோனிஷா. “சூடா இருக்குது. அங்க மட்டும்.”

நெஞ்சு இறங்கியது.

சாரதாமணி குனிந்து மருமகளின் சேலையை வயிற்றிலிருந்து விலக்கினாள். தாய் மாதிரி, அவ்வளவு பதமாக.

மைதிலி வெளிச்சத்தை வயிற்றின் மேல் பிடித்தாள்.

கழலைகள்.

வயிறு முழுக்க. எலுமிச்சை அளவில் சில. கோலிக்குண்டு அளவில் சில. மனம் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, அவளைக் கேட்காமலே. மேடான கட்டிகள். எல்லை தெளிவு. வரிசை இல்லை. அடிவயிற்றில் நெருக்கம். சிவப்பு இல்லை. கசிவு இல்லை. எந்த நோயில் இப்படி வரும். எந்த நோயிலும் இப்படி வராது. மாட்டில் இல்லை. நாயில் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். இது நீளம். இது உருண்டை. இது ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல்.

குதிகால் மாதிரி.

வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

மோனிஷாவின் கை வந்தது. வளையல்கள் சரிந்தன. மைதிலியின் கையைப் பிடித்து, வயிற்றின் மேல், மேடு இல்லாத ஓர் இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டது. குளிர். ஈர மண்ணின் குளிர். இழுத்தாள். விடவில்லை.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

பிறகு அடியிலிருந்து ஒரு சூடு மேலே வந்தது. சின்னச் சூடு. உயிருள்ளது. அவசரமாக. அது தோலின் உட்பக்கத்தில் முட்டியது. தடவியது. வழி தேடுவது போல் நகர்ந்தது. அவள் உள்ளங்கைக்கு நேராக வந்து நின்றது.

தள்ளியது.

தோல் எழும்பியது. மெத்தென்று. மேலே, இன்னும் மேலே. ஒரு மேடு. மேட்டின் நுனி பிரிந்தது. இரண்டாக. மூன்றாக. விரல்கள். ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் விரிந்தன. நகத்தின் கூர்கூடத் தெரிந்தது. அது அழுத்திக்கொண்டே இருந்தது, பலம் தீரும் வரைக்கும்.

“பாத்தீங்களா,” என்றாள் சாரதாமணி, காதருகே.

சூடு விலகியது. உள்ளே ஆழத்துக்குப் போய்விட்டது. மோனிஷா பிடியைத் தளர்த்தினாள். மைதிலி கையை எடுத்தாள்.

தோல் திரும்பி இறங்கவில்லை. போன் வெளிச்சத்தில், மஞ்சள் பூசிய அந்த வயிற்றின் மேல், விரல்களை விரித்த ஒரு சின்னக் கை அப்படியே நின்றது.